வெயிலும் நம்ம தோலும்
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)

கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை அறியாத வீடு சங்கரன்கோவில்ல கிடையாது. தோல் வியாதின்னு எங்கெங்கிருந்தோ ஜனங்க இங்க வர்றாங்க. ஆனா வெயில் நம்ம தோலை என்ன செய்யுதுன்னு நாம உட்கார்ந்து பேசினதில்லை.

வெயில் தோல் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1992-லேயே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு அது அதிகம், நமக்குக் குறைவு. காரணம் நம்ம கருப்புதான். தோலில் இருக்கிற மெலனின் என்கிற நிறமி நமக்குப் பிறவிக் குடை. அதை வெளுக்க வைக்கத்தான் நாம காசு கொடுத்து ட்யூப் வாங்குறோம்! மங்குக்குன்னு டாக்டர் சீட்டு இல்லாம வாங்குற க்ரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கு. மாசக்கணக்கா பூசினா தோல் மெலிஞ்சு, வெயில் பட்டாலே எரியும்.

குறைவுன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்லை. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பிள்ளைகளுக்கு அந்தக் குடை கிடையாது. ஆபத்து மிக அதிகம். சின்ன வயசிலிருந்தே முழுக்கைச் சட்டை, தொப்பி, டாக்டர் சொல்ற க்ரீம் வேணும். பழைய தீக்காயத் தழும்பு புண்ணாகி ஆறாம இருந்தாலும் காட்டணும்.

இன்னொன்னு, வெயிலே படாத இடத்துல வர்றது. நம்ம நிறத்தவங்களுக்கு வர்ற கருமச்சப் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் வருது. முள்ளு குத்தினது, கால் ஆணின்னு நாம விட்டுர்றோம். குளிக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்க. கருப்புப் புள்ளி பெருசாகுதா, நகத்துல கருப்புக் கோடு அகலமாகுதா, ஒரு மாசமா புண் ஆறலையா? மண் பூசுற நம்பிக்கை இருக்கட்டும், அரசு ஆஸ்பத்திரிக்கும் போங்க. தேவைப்பட்டா திருநெல்வேலி ஹைகிரவுண்டுக்கு அனுப்புவாங்க.

வயல் வேலைக்கு வருவோம். பூப்பறிக்கிறவங்க விடியுமுன்னே போயிடுறாங்க, நல்லது. களை எடுக்கிறவங்களுக்குத்தான் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை கஷ்டம். நம்ம நிழல் நம்மைவிடக் குட்டையா விழுந்தா வெயில் கடுமைன்னு தெரிஞ்சுக்கலாம். சேலைக்கு மேல வீட்டுக்காரர் சட்டையைப் போட்டு, தலையில துண்டு கட்டுறோமே, அதைக் கேலி பண்றவங்க பண்ணட்டும். விலை கூடின க்ரீமைவிட நெருக்கமா நெய்த, அடர் நிறத் துணி நமக்குத் தோது. நைந்த துணி போதாது.

தையல் தெரிஞ்ச குழுக்கள் காலர் வச்ச முழுக்கைச் சட்டை தைச்சுத் தர முடியுமா, துணி மொத்தமா எடுத்தா என்ன விலைன்னு அடுத்த கூட்டத்துக்குக் கேட்டு வாங்க.