விசையும் விரலும்

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்துத் திருவிழாக்களிலே பலூன் சுடும் கடையைக் காணாதார் இரார். அங்கே காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர், குறி நேராக இருந்தும் குண்டு விலகிச் செல்வதைக் கண்டு திகைப்பர். பல வேளைகளில் குற்றம் கண்ணில் இல்லை. விசையை இழுக்கும் விரலில் இருக்கிறது. விசை கடினமாயின் கை முழுவதும் இழுபடும். குழலும் உடன் அசையும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தோளிலிருந்து குழல்முனை வரை 80 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். முனை 0.1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குறி 1.25 மில்லிமீட்டர் விலகும். உலகப் போட்டிகளில் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டமோ 0.5 மில்லிமீட்டர்தான்! 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகள் பெற்று, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியரானார். அவருடைய கடைசிக் குண்டுக்குக் கிடைத்தது 10.8; பெறக்கூடிய உச்சம் 10.9. அத்தகைய நுட்பத்திற்கு இலேசான விசை வேண்டுமன்றோ?

இதைக் கேள்வியுற்ற கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், "ஐயா, என் துப்பாக்கியின் விசையையும் அரத்தால் தேய்த்து இலேசாக்கலாமா?" என்று வினவினார். கூடாது என்றேன். காரணத்தை உங்களுக்கும் கூறுகிறேன்.

குழலை மடக்கி இயக்கும் சாதாரணத் துப்பாக்கியில், வலிய சுருள்வில் ஒன்று இறுகி நிற்கிறது. பல பத்துக் கிலோகிராம் எடைக்கு நிகரான அதன் விசையை ஒரு சிறு கொண்டி தாங்குகிறது. கொண்டியின் விளிம்பு போதிய அளவு பற்றியிருப்பதால்தான் அது நழுவுவதில்லை. அழுத்தம் மிகுதியாதலின் உராய்வும் மிகுதி. ஆதலால் இழுப்பும் கடினம். விளிம்பைத் தேய்த்தால் பற்று குறையும். துப்பாக்கி சற்றே தட்டுப்பட்டாலும் கொண்டி நழுவக்கூடும். குழல் மடங்கியிருக்கும்போது நழுவினால், அது விசையுடன் நிமிர்ந்து விரலை நசுக்கும். குண்டு உள்ளே இருப்பின், எதிரில் நிற்பவர் கண்ணுக்கே ஆபத்து.

போட்டித் துப்பாக்கியின் அமைப்பு வேறு. அதில் காற்று முன்னரே அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். கொண்டி தாங்குவது வால்வைத் தட்டும் சிறு சுத்தியலை மட்டுமே. தாங்கும் பளு குறைவாதலால், இழுப்பை நூறு கிராம் அளவுக்கும் குறைக்க முடிகிறது. அங்கும் அரத்திற்கு வேலையில்லை. அதற்கெனத் தனித்தனித் திருகாணிகள் உண்டு. ஒன்று, விரல் தளர்வாக நகரும் முதற்கட்டத்தின் நீளத்தை மாற்றும். மற்றொன்று, தடை உணர்ந்தபின் வேண்டிய இழுப்பை மாற்றும். இன்னொன்று, சுட்டபின் விசை மேலும் நகராமல் நிறுத்தும். குண்டில்லாத நிலையில், பயிற்சியாளர் முன்னிலையில், ஒரு வேளைக்கு ஒரு திருகாணியை மட்டும் சிறிதளவு திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருசேரத் திருப்பினால் எதனால் என்ன விளைந்தது என்பது விளங்காது. இது துப்பாக்கிக்கு மட்டுமன்று, எல்லா ஆய்வுக்கும் உரிய முறை.

எவ்வளவு இலேசோ அவ்வளவு நன்று என்றும் எண்ணற்க. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில், விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. விசையில் அவ்வெடையைத் தொங்கவிட்டுத் தூக்கிச் சோதிப்பார்கள். விசை விடுபட்டால் அக்கருவி ஏற்கப்படாது.

மற்றொன்றும் கூற வேண்டும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைதூரத்திலிருந்து வரும் பறவைகள் அவ்வூர் மக்களை நம்பிக் கூடு கட்டுகின்றன. அவற்றின்மீது குறி வைத்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அறத்தின்படியும் குற்றம். துப்பாக்கிக்கு உரிய இலக்கு, பின்னே தடுப்புள்ள காகித அட்டையே.

மாணவர்களே, திருகாணியைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். விரலைத் திருத்த ஆண்டுகள் வேண்டும். மூச்சை அடக்கி, அவசரத்தை அடக்கி, விரலை மட்டும் மெல்ல அசைக்கப் பழகியவருக்கே கருவியின் திருத்தம் பயன் தரும். பழகாதவருக்கு அதுவே பகையாகும்.