தில்லி வாயிலும் வேலூர்க் கோட்டையும்

வேலூர்க் கோட்டையைக் கண்டு திரும்புவோர் பலர். அதன் கிழக்கே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் தென்கரையில் உள்ள ஆற்காட்டை முதலிற் காணுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நான் இராணிப்பேட்டையிலிருந்து பாலத்தின் வழியே சென்றேன். செஞ்சி தேசிங்குராசனின் மனைவி நினைவாகப் பெயர் பெற்ற அவ்வூர், இன்று தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனது. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது; அதன் கழிவோ பாலாற்றைப் பாழ்படுத்தியிருக்கிறது.

கருநாடக நவாபுகளின் தலைநகராய் விளங்கிய ஆற்காட்டில், பழைய கோட்டையின் சின்னமாகத் தில்லி வாயில் நிற்கிறது. 1751-இல் கிளைவ் அக்கோட்டையைக் கைப்பற்றி, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். உணவு அருகியபோது, சோற்றை வெள்ளையருக்கு அளித்துவிட்டு, வடித்த கஞ்சியைப் பருகி நம் சிப்பாய்கள் போரிட்டனர் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். கிளைவின் பெயரை அனைவரும் அறிவோம். அச்சிப்பாய்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?

இந்த வினாவோடு வேலூருக்குச் சென்றேன். ஆற்காட்டு முற்றுகைக்கு 55 ஆண்டுகளுக்குப் பின், 1806 ஜூலை 10 அன்று, அக்கோட்டையில் கும்பினிச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையை அணியுமாறும், நெற்றிக் குறியையும் தாடியையும் விடுமாறும் பிறந்த ஆணைகள் அவர்கள் நெஞ்சைப் புண்படுத்தியிருந்தன. கிளர்ச்சி அன்றே ஒடுக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

கஞ்சி குடித்துக் காத்த கை ஓரிடத்தில்; வாளெடுத்து எதிர்த்த கை மற்றோரிடத்தில். இரண்டையும் ஒரே நாளிற் காண்பவர்க்கே இவ்வரலாறு முழுமையாக விளங்கும். விடுமுறை நாளொன்றில் சென்று வாருங்கள்.