யார் செய்த பாவம்?

(தவக்காலம் நான்காம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தி யோவான் 9ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை இயேசு வழியில் காண்கிறார். அவருக்கு எப்படி உதவலாம் என்று சீடர்கள் கேட்கவில்லை. இது யார் செய்த பாவத்தின் விளைவு, இவருடையதா, இவர் பெற்றோருடையதா என்றே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆண்டவர் உடனே செயலில் இறங்குகிறார்.

கண் தெரியாதவரைப் பார்த்து இன்று நாம் அப்படிக் கேட்பதில்லை. வெளியே தெரியாத குறை உள்ளவரைப் பார்த்துத்தான் கேட்கிறோம்.

நம் துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் நெருக்கடியில் மூன்று பேர் வேலையை ஒருவராக முடிப்பார். சாதாரண நாளில் ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் மாலைவரை முடியாது. பணம் கையில் இருந்தும் மின்கட்டணம் கட்ட மறப்பார். வண்டிச் சாவியைத் தினமும் தேடுவார். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ போய்விடும். பள்ளியில் ‘மூளை இருக்கிறது, அக்கறை இல்லை’ என்றார்கள். வீட்டில் ‘பொறுப்பு இல்லை’ என்கிறார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் சோம்பலையே முதலில் சொல்கிறார்.

சோம்பல் உண்மையிலேயே இருக்கலாம். ஆனால் சிறுவயது முதல், வீட்டிலும் வேலையிலும், எவ்வளவு முயன்றும் இதே தடுமாற்றம் என்றால், வேறொரு பெயரும் இருக்கலாம். மருத்துவர்கள் அதைக் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஓடித் திரியும் பையன்களின் நோய் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டதால், வகுப்பில் சத்தமில்லாமல் கனவு கண்டுகொண்டிருந்த பெண்பிள்ளைகள் பலர் யார் கண்ணிலும் படவில்லை. அவர்களில் சிலர் இன்று பிள்ளைகளுக்குத் தாய்மார்கள். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டுத் தங்களையே திட்டிக்கொள்கிறவர்கள்.

மருத்துவ உலகமும் சீடர்களின் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. 1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அதை ‘அறக்கட்டுப்பாட்டின் குறை’ என்றே அழைத்தார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இது இருப்பதை அவர் கண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மருத்துவம் அந்தப் பெயரை விட்டுவிட்டது. நாம் இன்னும் விடவில்லை.

‘விக்ரம்’, ‘மாமன்னன்’ படங்களில் நீங்கள் பார்த்த நடிகர் பகத் பாசில், 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தின் விழாவில் பேசினார். தமக்கு இந்தக் குறைபாடு இருப்பது 41 வயதில் மருத்துவ முறைப்படி கண்டறியப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு வயதில் தெரியவந்தால் குணமாகுமா என்று மருத்துவரிடம் கேட்டதையும் சொன்னார். முழுவதும் மறைந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முறையான மருத்துவமும் பயிற்சியும் வாழ்க்கையை எளிதாக்கும்.

இதை எப்படிக் கண்டறிகிறார்கள்? இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்கிறார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்கிறார். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, குடிப்பழக்கம் போன்ற வேறு காரணங்களையும் ஆராய்கிறார். ஆகவே கைப்பேசியில் இரண்டு நிமிட வீடியோ பார்த்து நமக்கு நாமே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் மாத்திரையும் வேண்டாம்.

பழைய மதிப்பெண் அட்டை, அம்மாவின் நினைவு, இவையெல்லாம் அங்கே சாட்சிகள். நற்செய்தியிலும் பெற்றோரை அழைத்து விசாரிக்கிறார்கள். அவர்களோ ஊருக்குப் பயந்து, மகனையே கேளுங்கள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அன்பான பெற்றோரே, வளர்ந்த உங்கள் மகனோ மகளோ ‘சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன்?’ என்று கேட்டால், அது உங்கள் வளர்ப்பைக் குறை சொல்லும் கேள்வி அல்ல. ‘கல்யாணத்துக்கு இடைஞ்சல், ஊர் என்ன சொல்லும்’ என்று மறைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள்.

‘பெயர் கிடைத்துவிட்டால் பொறுப்பிலிருந்து தப்பிக்கலாம், அப்படித்தானே?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில், கவனமின்மையும் உளவியல் காரணங்களும் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கற்பிக்கிறது. ஆனால் இயேசு அந்த மனிதரை அதே இடத்தில் உட்கார வைக்கவில்லை. கண்ணில் சேறு பூசி, சிலோவாம் குளத்துக்குப் போகச் சொன்னார். அவர் தாமே நடந்துபோய்க் கழுவினார். நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் எந்தக் குளத்துக்குப் போவது என்று தெரிகிறது. மறந்ததால் மனைவிக்கு ஏற்பட்ட காயத்துக்கு மன்னிப்புக் கேட்பதும், நினைவூட்டலுக்கு அலாரம் வைப்பதும், மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி போவதும் அவருடைய கடமைதான். இல்லாத பாவத்துக்காகத் தன்னை அடித்துக்கொள்வது அவருடைய கடமை அல்ல.

நம் கடலில் முத்துக்குளித்த காலத்தில், ஒருவர் மூழ்கினால் படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூழ்கியவருக்கு மூச்சு முட்டும்போது இழுத்துத் தூக்க வேண்டியது அவர். மேலே நின்று ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று ஏசிக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். குடும்பம் பிடிக்க வேண்டியது அந்தக் கயிற்றை.

சீராக் நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவருடைய அறிவையும் கடவுளின் கொடையாகக் காட்டுகிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. நம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு சொல்லை நோன்பிருப்போம். ‘பொறுப்பில்லாதவன்’, ‘பொறுப்பில்லாதவள்’ என்ற சொல்லை நாற்பது நாளில் மீதமிருக்கும் நாட்களிலாவது வீட்டில் விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக, ‘உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?’ என்று கேட்போம்.

செபிப்போம். ஒளியாகிய ஆண்டவரே, தங்களையே வெறுத்துக் களைத்திருப்பவர்களை உமது கண்களால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். உதவி தேடிப் புறப்படுகிறவர்களுக்குத் துணிவும், அவர்களோடு நடக்கிறவர்களுக்குப் பொறுமையும் தாரும். பனிமய அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.