பட்டதாரி இளைஞரும் இரயில்வேப் பணியும்
(கரக்பூரில், சங்க ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் தண்டவாளத்தையும் கைகாட்டியையும் பற்றிப் பேச ஒருவன் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இக்கரக்பூரில் தமிழர் குடியேறியதற்கும், இங்கு ஒரு சங்கம் கண்டு நாம் ஆண்டுதோறும் கூடுவதற்கும் அத்தண்டவாளமே காரணம். 1887-இல் தோன்றிய வங்காள நாகபுரி இரயில்வே, 1944-இல் அரசின் உடைமையாயிற்று. 1955-இல் தென்கிழக்கு இரயில்வே பிறந்தது. நம் முன்னோர் பட்டறையில் தொழிலாளராகவும் அலுவலகத்தில் எழுத்தராகவும் இங்கு வந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் சிலர் இவ்வாண்டு பட்டதாரிகளாக இரயில்வேப் பணிக்கு ஆணை பெற்றிருக்கின்றனர் என்று செயலாளர் கூறினார். கேட்டு மகிழ்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையில் உழைத்தவன் என்னும் உரிமையில் அவர்களுக்குச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

முதற்கண், நீங்கள் புகும் நிறுவனம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய வண்டியே இந்நாட்டின் முதற் பயணி வண்டி. இன்று ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் பணிபுரியும் பெருந்துறையாக அது வளர்ந்துள்ளது. பட்டதாரிகளுக்கு இதில் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, மத்தியத் தேர்வாணையத்தின் வழியாக உயர் அலுவலராகச் சேர்வது. எட்டுப் பிரிவுகளாக இருந்த அப்பணிகளை ஒரே பணியாக இணைப்பதென 2019-இல் அமைச்சரவை முடிவு செய்தது. மற்றொன்று, இரயில்வேத் தேர்வு வாரியங்களின் வழியாக நிலைய அதிபராகவோ, சரக்கு வண்டியின் கார்டாகவோ, கணக்குப் பிரிவிலோ சேர்வது. கார்டு என்ற பழம்பெயர் 2022-இல் 'டிரெயின் மேனேஜர்' என மாறியது. நம் இளைஞருள் பெரும்பாலோர் புகுவது இந்த இரண்டாம் வாயில் வழியாகவே. ஆதலால் அவர்களை எண்ணியே பேசுகின்றேன்.

ஆணை கிடைத்தவுடன் நாற்காலி கிடைத்துவிடாது. நிலைய அதிபராகத் தேர்வு பெற்றவர் சீனி போன்ற பயிற்சி நிலையத்தில் மாணவராக மீண்டும் பெஞ்சில் அமர வேண்டும். அதில் தேறிய பின்னரும், தாம் பொறுப்பேற்கும் நிலையத்திற்கென வகுத்த விதிகளைப் படித்து, 'புரிந்துகொண்டேன்' என்று பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகே தனித்துப் பணி பார்க்கலாம். 'பட்டம் பெற்றவனுக்கு மீண்டும் பரீட்சையா?' என்று சிலர் சலித்துக்கொள்வர். சலிப்பு வேண்டா. கல்லூரியில் தவறாக எழுதிய விடைக்கு மதிப்பெண் மட்டுமே குறையும். இங்கே அதன் விலை வேறு.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும் என்பது பழைய முறையின் உயிர்நாடி. முன்னால் உள்ள நிலையத்தார் 'லைன் கிளியர்' கொடுத்தாலன்றிப் பின்னால் உள்ளவர் வண்டியை விடக்கூடாது. இசைவு தரும்போது வாய்ச்சொல் போதாது. தம்மிடமுள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். புதிதாக வந்தவர், 'பேசியது நாமே, கேட்டதும் நம் நண்பரே. இந்த எண் எதற்கு?' என்று கேட்பார். நன்கு தெரிந்தவர்களுக்கிடையே, நடுநிசியில், தூக்கக் கலக்கத்தில், 'சரி, சரி' என்று சொல்லிவிடுவது மிக எளிது என்பதனால்தான் அந்த எண். அதைத் தேடி எடுத்துச் சொல்லும் அந்தச் சில நொடிகளில் மனம் விழித்துக்கொள்ளும். நம் விதிநூலில் பல விதிகள் எங்கோ ஒரு விபத்தின் சாம்பலிலிருந்து எழுந்தவை. 'ஏன் இந்த விதி?' என்று கேட்கும் பழக்கமே கல்வி உங்களுக்குத் தந்த செல்வம். விதியைக் கேளுங்கள், காரணம் அறியுங்கள், அறிந்தபின் மீறாதீர்கள்.

அடுத்து, உங்களுக்குக் கீழே பணிபுரிவோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு கீமேன் நாள்தோறும் தம் எல்லைக்குட்பட்ட பாதை முழுவதும் நடக்கின்றார். கோடையில் தண்டவாளம் விரிந்து நெளியும். குளிர்கால இரவில் சுருங்கி விரிசல் காணும். எந்த வளைவில் அது நேரும், எந்தப் பாலத்தருகில் மண் இளகும் என்பதை அவர் பாதங்கள் அறியும். பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், பாயிண்ட் நகரும் ஓசையைக் கேட்டே அதில் கல் சிக்கியிருப்பதைக் கூறுவார். இவர்களை ஒருமையில் அழைத்து ஏவும் இளம் பட்டதாரிகளைக் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு எவரும் எதையும் தாமாக வந்து சொல்வதில்லை. மழை பெய்யும் இரவில், 'ஐயா, அந்தப் பக்கம் ஏதோ சரியில்லை' என்று சொல்ல ஓராள் ஓடிவர வேண்டுமாயின், பகலில் அவருக்கு மரியாதை தந்திருக்க வேண்டும்.

இனி, நான் சிறப்பாகச் சொல்ல வந்த பொருளுக்கு வருகின்றேன். அது கையொப்பம் பற்றியது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அச்செய்தி நம் இல்லங்களில் இன்றும் பேசப்படுகின்றது. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் விரைவு வண்டி, நமது கரக்பூர்க் கோட்டத்தைச் சேர்ந்த பஹநாகா பஜாரில் நின்றிருந்த சரக்கு வண்டியின்மீது மோதியது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்டோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. கைகாட்டிக்கான மின்சுற்றில் செய்த மாற்றத்தில் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. வண்டியை ஓட்டியவர் பச்சையை நம்பினார். பயணிகள் அவரை நம்பினர். அந்தப் பச்சையோ பொய்த்தது.

இளைஞர்களே, நீங்கள் நாளை அமரப்போகும் மேசை அந்தப் பச்சை விளக்குக்குப் பின்னால் உள்ள மேசை. கைகாட்டிச் சாதனத்தில் பழுது பார்க்கும்போது, 'இணைப்பைத் துண்டிக்கிறோம்' என்று எழுதித் தர வேண்டும். வேலை முடிந்ததும் முறையாகச் சோதித்துப் பார்த்து, 'மீண்டும் இணைத்தோம்' என்று எழுதித் தர வேண்டும். எழுதுபவர் ஒருவர், ஏற்பவர் நிலைய அதிபர். இருவர் கையொப்பமும் வேண்டும். வண்டிகள் வரிசையில் நிற்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று மேலதிகாரி கேட்பார். சோதனையைச் சற்றே குறைத்துக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் தோன்றும். அந்த நிமிடமே உங்கள் பணியின் உண்மையான தேர்வு. தாமதத்திற்கு விளக்கம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடலாம். பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். சோதிக்காமல் இட்ட ஒரு கையொப்பத்தை மட்டும் எந்த மையாலும் அழித்தல் இயலாது. சோதித்த பின்னரே கையொப்பமிடுங்கள். 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லும் துணிவை முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மொழி பற்றியும் ஒரு சொல். வீட்டில் தமிழ் பேசுங்கள். குழந்தைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பியுங்கள். அதற்கே இச்சங்கம் இருக்கின்றது. ஆனால் பணியிடத்தில் வங்காளியும் ஒடியரும் தெலுங்கரும் பீகாரியும் உங்கள் உடன்பிறப்புகள். அவர்கள் மொழியில் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லவும், அவர்கள் சொல்வதை உடனே உணரவும் தெரியாதவர் ஆபத்து வேளையில் ஊமையாவார். ஆறு மாதத்தில் உள்ளூர் மொழியைப் பேசக் கற்றுவிடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை சிறு நிலையத்தில் இருக்கின்றான் என்று வருந்தாதீர்கள். சிறு நிலையத்தில்தான் வேலை முழுவதும் ஒருவர் கைக்கு வரும். சேர்ந்த மறுமாதமே ஊருக்கு மாற்றல் கேட்கச் சொல்லாதீர்கள். தாமே விரும்பி வேறு பிரிவுக்குச் செல்பவர் அங்குள்ள பணிமூப்பு வரிசையில் கடைசியில் நிற்க நேரிடும். இரவுப் பணி முடிந்து வரும் பிள்ளையைப் பகலில் உறங்க விடுங்கள். உறவினர் வருகையும் கடைத்தெரு வேலையும் காத்திருக்கலாம். அவ்வுறக்கமும் பயணிகளின் பாதுகாப்பே. மகளிரும் இப்பணிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 2017-இல் மும்பையின் மாட்டுங்கா நிலையம் முழுவதும் பெண்களாலேயே நடத்தப்பட்டதை நாடறியும்.

பட்டம் உங்களை வாயில் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே வழிநடத்தப் போவன விழிப்பும் பணிவும் நேர்மையுமே. ஒவ்வோர் இரவும் பல்லாயிரம் பேர் உங்கள் பெயரையே அறியாமல், உங்களை நம்பிக் கண்ணுறங்குவர். அந்நம்பிக்கைக்கு உரியவர்களாக நீங்கள் விளங்க வேண்டுமென வாழ்த்துகின்றேன்.