இணையப் பாதையில் எஞ்சிய இடம்

வலப்பனைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களிலே, கொழுந்துக் கூடையுடன் மடுவத்துக்கு வரும் பெண் தராசைக் கூர்ந்து பாராமல் நகர்வதில்லை. நிறையில் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பதிலேதான் அன்றைய உழைப்பின் பயன் அடங்கியிருக்கிறது. அதே பெண் தன் பிள்ளையின் படிப்புக்காகக் காசு கொடுத்து வாங்கும் இணையத்துக்கோ, அவ்வாறு கண்முன் நிற்கும் தராசு இல்லை.

கைத்தொலைபேசியின் மூலையில் தெரியும் கோடுகளையே தராசென்று பலர் எண்ணுகின்றனர். அவை கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலுவைக் காட்டுமேயன்றி, அக்கோபுரத்தை அந்நேரத்தில் எத்தனை பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள் என்பதைக் காட்டமாட்டா. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றினால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டில், போகித்தியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகள் அலை தேடிக் குன்றின் உச்சிக்கு ஏறிப் பாடம் பெற்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. உச்சிக்கு ஏறினால் கோடுகள் கூடும், உண்மைதான். ஆனால் கோடுகள் நிறைந்திருந்தும் ஆசிரியரின் முகம் திரையில் உறைந்து நிற்பதுண்டே, அதற்குக் காரணம் என்ன?

இராகலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியை எண்ணிப் பார்க்கலாம். ஆளரவமற்ற வேளையில் ஒடுங்கிய பாலமும் வழிவிடும்; சந்தை நாளில் அகன்ற வீதியும் நெருங்கிவிடும். இணையப் பாதையும் பல கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணியின் கொள்ளளவு நொடிக்கு 10 மெகாபிட். அதில் 9 ஏற்கெனவே பயன்படுகிறது. இன்னொன்றின் கொள்ளளவு 4. அதில் 1 மட்டுமே பயன்படுகிறது. ஒடுங்கியது இரண்டாவது கண்ணி. ஆயினும் பயணியைத் தடுப்பது முதலாவதுதான். அங்கே எஞ்சியிருப்பது 1 மெகாபிட் மட்டுமே. பாதை முழுவதிலும் மிகக் குறைவாக எஞ்சிய இந்த இடத்தையே அறிஞர்கள் கிடைக்கக்கூடிய அலைவரிசை அகலம் என்பர். விளம்பரங்கள் பேசுவது பெரும்பாலும் கொள்ளளவைப் பற்றி.

இதனை அளப்பது எவ்வாறு? பாதையைத் தரவுகளால் நிரப்பிப் பார்ப்பது ஒரு வழி. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் பத்து நொடி சோதித்தால் 25 மெகாபைட் செலவாகிவிடும். அளந்து பார்ப்பதற்கே கைப்பொருளை இழப்பது ஏழைக்கு ஏற்றதன்று. 2002இல் மணீஷ் ஜெயின், கான்ஸ்டான்டினோஸ் டோவ்ரோலிஸ் ஆகிய இருவரும் 'பாத்லோட்' என்னும் நயமான முறையொன்றை வெளியிட்டனர். குறித்த வேகத்தில் சிறு பொதிகளை வரிசையாக அனுப்புவர். பின்வரும் பொதிகள் முன்னவற்றைவிட மேலும் மேலும் தாமதித்து வந்தால், எங்கோ வரிசை நீள்கிறது, வேகம் எஞ்சிய இடத்தை மீறிவிட்டது என்று பொருள். தாமதம் ஏறாவிட்டால் இன்னும் இடமுண்டு. இவ்வாறு கூட்டியும் குறைத்தும் எல்லையை நெருங்குவர். இரு முனைகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் அழகு. தாமதம் ஏறுகிறதா என்பது மட்டுமே கேள்வி.

இந்த அளவை ஓயாது மாறிக்கொண்டே இருக்கும். கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து, 2000களின் பிற்பகுதியில் அகலப்பட்டை இணையத்தின் தரத்தை அளக்க முயன்றபோது, ஒரு நாளின் பல வேளைகளிலும் சோதித்தனர். நிறுவனத்தின் சொந்தக் கணினி, உள்நாட்டுக் கணினி, கடல்கடந்த கணினி என மூன்று தொலைவுகளிலும் சோதித்தனர். அண்டை வீட்டுக்கு நடந்த நேரத்தை வைத்து ஊர்ப்பயணத்தைக் கணிக்க முடியாதல்லவா?

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைத்தொலைபேசிக் கோபுரம் பொதிகளைச் சீராக விடாமல் முறைவைத்துத் தொகுதி தொகுதியாக விடுவதால், நுண்ணிய சோதனையும் ஏமாந்து போகலாம். ஆகையால் ஒருமுறை அளந்து நின்றுவிடலாகாது. பிள்ளைகள் பாடம் படிக்கும் மாலைப்பொழுதிலே, ஊரெல்லாம் திரையை நோக்கியிருக்கும் நேரத்திலே, பல நாள் அளந்து நாளையும் மணியையும் குறித்துவைத்தல் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையீடு அனுப்பும் லயத்துக் குடும்பத்துக்கு, அந்தக் குறிப்பேடே மடுவத்துத் தராசு.