திரையில் பார்த்தது கையில் வரட்டும்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இணையவழித் தொழிற்பயிற்சி தொடங்கவிருக்கிறோம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் இலவசப் பாடங்கள் தருகிறது. அவை வாரக்கணக்கில் நீள்பவை. பகலெல்லாம் களிமண்ணோடு நின்றவர் இரவில் அவ்வளவு கேட்பாரா? அதனால் இஷாவுக்குப் பின் பத்தே நிமிடம், தமிழில், ஒரே விஷயம்.

முதல் பாடம் தூசி. பீங்கான் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுத்தால் மீட்க வழியில்லை. காய்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மறுநாள் பட்டறையில் மூத்த தொழிலாளி ஒருவர் அதைச் செய்யவைத்துப் பார்ப்பார். அப்போதுதான் அது பயிற்சி.

உங்களுக்கு எது தேவை, எந்த நேரம் தோது என்று ஜும்ஆவுக்குப் பின் சொல்லுங்கள். அதை வைத்தே அடுத்த பாடம், இன்ஷா அல்லாஹ்.