லயத்துக்கு வந்த உபதேசியார்

(ஸ்ரீவராகத்தில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. குளத்துக்கரை வரிசையில் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்த வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது, அதற்குப் போய்வருகிற இரண்டு குடும்பங்களையும் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று. கை தூக்கச் சொன்னபோது பாதிப் பேர் தூக்கினீர்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தீர்கள். அதனால் ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தோம். இன்றைக்கு அதைப் பேசி முடிக்க வேண்டும்.

பிழைக்கப் போன தமிழன் எங்கெங்கே மூட்டையை இறக்கினானோ, அங்கெல்லாம் அவனைத் தேடி வேதப் புத்தகமும் வந்திருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போனவர்கள் இன்று பாரீஸ், லண்டன், ஆஸ்லோ என்று பல நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர்கள் உண்டு, சைவர்கள் உண்டு, போன இடத்தில் பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் கெவலார் என்றொரு சிற்றூர். அங்கே மாதா கோயில். ஆகஸ்டு மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கூடுகிறார்கள். சைவக் குடும்பங்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன, நாம் வேளாங்கண்ணிக்குப் போகிற மாதிரி. அதே நாட்டில் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரம் எழுப்பி 2002-ல் குடமுழுக்கும் நடத்தினார்கள். அங்கே யாரும் யாரையும் சங்கத்தை விட்டு நீக்கியதாகத் தெரியவில்லை.

ஆனால் நமக்குப் பாடம் அங்கே இல்லை. பக்கத்து இலங்கையில் இருக்கிறது. காப்பித் தோட்டத்துக்குத் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து சனங்கள் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்து விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து மலையேறியவர்களுக்கு லயத்தில் ஓர் அறை, காலையில் பிரட்டு, கங்காணியிடம் கடன். 1854-ல் கண்டியை மையமாக வைத்து இவர்களுக்கென்று ஒரு மிஷன் ஏற்பட்டது. அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். நம் பேச்சு, நம் சாப்பாடு, நம் ஊர்ப் பெயர் தெரிந்த ஆள். எழுதப் படிக்கத் தெரிந்தவர். லயத்து வாசலில் வந்து உட்கார்ந்து 'எந்த ஊர் தாயி?' என்று கேட்கிறவரை யார் விரட்டுவார்கள்? பள்ளிக்கூடங்களும் வைத்தார்கள். அந்த எழுத்தை நாம் குறைத்துப் பேசக்கூடாது.

செலவுக்குப் பணம்? பெரும்பகுதி தோட்டத் துரைமார் கொடுத்தார்கள். இங்கேதான் நாம் நிற்க வேண்டும். துரையின் பணத்தில் வருகிற உபதேசியார் பாவத்தைப் பற்றிப் பேசலாம், குடியைப் பற்றிப் பேசலாம். துண்டு முறையைப் பற்றிப் பேச முடியுமா? கடன் தொகையைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய துண்டுச் சீட்டு கையில் இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற அந்த ஏற்பாடு 1921-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தொழிற்சங்கம் கட்டிய தஞ்சாவூர் கோ. நடேசய்யர் லயங்களுக்குள் நுழைவதற்காகத் துணி வியாபாரி போலத் தோளில் மூட்டை சுமந்து போனார் என்று சொல்வார்கள். உபதேசியாருக்கு வாசல் வழி, சங்கக்காரனுக்கு மூட்டை வழி!

அதற்காக எல்லாப் பாதிரியாரும் துரை பக்கம் என்று முடிவு கட்டவும் முடியாது. 1948 சட்டம் மலையகத் தமிழருடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்களில் சிலரைத்தான் இங்கே புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடிவைத்தார்கள். அந்தக் கொடுமைக் காலத்தில், 1972-ல், பால் கஸ்பர்ஸ் என்ற இயேசுசபைப் பாதிரியார் கண்டியில் சத்யோதய என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே தோட்டத் தொழிலாளியின் கூலியும் குடியுரிமையும் பேச்சாயிற்று. மதம் மாற்றுவது அங்கே வேலையல்ல. 2017-ல் அவர் காலமாகும் வரை அந்த மலையை மறக்கவில்லை.

நம் திருவிதாங்கூர்க் கதையும் இரண்டு முகம் உள்ளதுதான். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பிறகு வந்த மிஷனரிப் பெண்கள் நாகர்கோவிலில் லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டுப் போராடி 1859-ல் அரசின் விளம்பரத்தை வாங்கியது நம் பாட்டிமார்தான். மிஷன் பக்கத்தில் நின்றது. ஆனால் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாதி கோயிலுக்குள்ளே வந்தது, கல்லறைத் தோட்டத்துக்கும் வந்தது. இது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி குளத்துக்கரைக்கு வருவோம். அந்த இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து கேட்டோம். ஒரு தாய் சொன்னாள்: "அண்ணாச்சி, சாமிக்காகப் போகல. புள்ளைக்கு மலையாளம் எழுத வரல. ஸ்கூல்ல பின் பெஞ்சுல உக்கார வைக்காங்க. அங்க ஒரு டீச்சர் எழுதப் பழக்குதாங்க." நமக்கு வெட்கமாக இருந்தது. நம் சங்கமும் ஓர் இரவுப் பள்ளி தொடங்கியது. மூன்று மாதத்தில் நின்றது. நிறுத்தியது எந்த மிஷனும் அல்ல. நைட் டியூட்டியைக் காரணம் காட்டி நாங்களேதான் நிறுத்தினோம்.

இன்னொன்று கேட்டோம்: ஞானஸ்நானம் பற்றிப் பேசினார்களா? பேசினார்களாம். சாதிச் சான்றிதழ் பற்றி? இல்லையாம். இதை அம்மாமார் கவனமாகக் கேளுங்கள். 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்க்கே ஷெட்யூல்டு சாதிச் சான்றிதழ். கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். பிழைக்க வந்த நமக்கு ஊர்ச் சான்றிதழை வைத்துக் கேரள அரசின் ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் மத்திய அரசு வேலைக்கு, ரயில்வே தேர்வுக்கு, அது செல்லும். அந்த ஒரு கதவும் அடைபடும் என்று தெரிந்துகொண்டு, விசுவாசத்தால் ஒருவர் போனால் அது அவர் உரிமை. அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. இந்த உத்தரவு அநியாயம் என்று நாமும் சேர்ந்தே சொல்வோம். ஆனால் தெரியாமல் போகக் கூடாது.

ஆகவே தீர்மானத்தைக் கொண்டுவந்த தோழர்கள் அதை வாபஸ் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த இரண்டு குடும்பத்தின் சந்தா இந்த மாதமும் வந்திருக்கிறது, ரசீதும் கொடுத்தாயிற்று. புதன்கிழமை வருகிறவர்களையும் நேரில் கண்டு, சான்றிதழ் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறோம். சங்க அறையில் செவ்வாயும் வெள்ளியும் மாலை 6.30-க்கு மலையாள வகுப்பு. ரயில்வே டியூட்டியில் இருக்கிற நாங்கள் நாலு பேர் முறைபோட்டு அறையைத் திறப்போம். பத்தாவது மலையாளத்தில் படித்த நம் பெண் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க முன்வர வேண்டும். பெயர் எழுத நோட்டு பொருளாளர் கையில் இருக்கிறது.